எஸ்.டி.ஆர்., சாரா, ஜே.கே.எம்.: கவுண்டருக்குப் போகும் முன்

மலேசியாவில் குடும்ப வருமானம் மாதம் 5,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால் எஸ்.டி.ஆர். என்ற அரசு ரொக்க உதவி கேட்கலாம். 2,500க்குள் என்றால் தொகை கூடும். 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ஆனது. புருஷனும் மனைவியும் செம்பனைத் தோட்டத்தில் உழைத்தால் சேர்த்து 3,400. வீட்டுக் கஷ்டம் அப்படியே இருக்க, பெரிய தொகை மட்டும் கைநழுவுகிறது. அதற்காக மனு போடாமல் இருந்துவிடாதீர்கள்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆளைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் பத்திரங்கள்தான். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, தேசியப் பதிவிலாகா பக்கமே போகாத ஜோடிகள் இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச்சுக்குப் பிறகு நடந்த கல்யாணத்தைப் பதியாவிட்டால், நாலு பிள்ளை பெற்றாலும் சட்டத்துக்கு நீங்கள் தம்பதி இல்லை. அம்மா வெளிநாட்டுக்காரராக இருந்தால் வினை முற்றுகிறது: அப்பாவின் குடியுரிமை பிள்ளைக்கு வராது. குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு ஜே.கே.எம். என்ற சமூக நல இலாகாவின் உதவியும் இல்லை. பின்னால் பதிந்தாலும் இது தானாகச் சரியாகாது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

அடுத்தது இ-காசே, அதாவது ஏழைக் குடும்பங்களுக்கான அரசுப் பதிவேடு. அதில் பெயர் இருந்தால் அடிப்படைப் பொருள் வாங்கத் தரும் சாரா உதவித் தொகை கூடுதலாகக் கிடைக்கும். பதிவு குடும்பத் தலைவர் பெயரில் இருக்கும். அவர் இறந்துவிட்டால் மனைவி மாவட்ட அலுவலகத்துக்குப் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். இறப்புப் பத்திரம், ஐ.சி. (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் அசலும் நகலுமாகக் கொண்டுபோங்கள். ஒரு தாள் குறைந்தால் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அன்றைய கூலி போனது போனதுதான். அதை யார் கொடுப்பது?

தோட்டத்து லயன் வீட்டைக் காலி செய்து மலிவு விலை வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் ஐ.சி. முகவரியை மாற்றுங்கள். ஜே.கே.எம்.மில் குடியிருக்கும் மாவட்டத்தைப் பார்த்துத்தான் மனுவை எடுப்பார்கள். முகவரி பழையதாக இருந்தால் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று அலைய வேண்டியதுதான்.

மனுப் பாரம் இலவசம். பூர்த்தி செய்து தர ஐம்பது ரிங்கிட் கேட்பவரிடம் போகாதீர்கள். சாரா பணம் ஐ.சி. வழியாகத்தான், அதுவும் பதிவுபெற்ற கடைகளில் அரிசி, முட்டை மாதிரி அடிப்படைப் பொருள்களுக்கு மட்டும். "ஐ.சி.யை வச்சிட்டுப் போங்க, காசாத் தர்றேன்" என்று கடைக்காரர் சொன்னால் அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

"தகுதி இல்லை" என்று வாயால் சொன்னால் நம்பித் திரும்பாதீர்கள். மனுவைக் கொடுத்து, நகலில் தேதி முத்திரை குத்தச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். மேல்முறையீடு செய்ய அதுதான் கையில் இருக்க வேண்டும்.