ரேங்க் கார்டில் தெரியாதது: தொடர் மதிப்பீட்டில் பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 7ஆம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பாடத்தில் 100க்கு 72 என்று வந்தால், அது ஒரே பரீட்சையில் வாங்கிய மார்க் இல்லை. பருவத்தின் கடைசியில் நடக்கும் தேர்வுக்கு 60 மதிப்பெண். இதைத் தொகுத்தறி மதிப்பீடு என்கிறார்கள். மீதி 40 மதிப்பெண் பாடம் நடக்க நடக்கவே சேர்வது; அது வளரறி மதிப்பீடு. 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு சேர்ந்து வந்த ஏற்பாடு இது.

அந்த 40லும் இரண்டு பங்கு உண்டு. முதல் 20 செயல்பாடுகளுக்கு: கதையைச் சொந்த வார்த்தையில் சொல்வது, இலைகளைச் சேகரித்து வகைப்படுத்துவது, வகுப்பறையின் நீளத்தை அளப்பது போன்றவை. அடுத்த 20 பாடம் முடிந்ததும் வைக்கும் சிறு தேர்வுகளுக்கு. இவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு தடயம் இருக்கும். பயிற்சி நூலில் பிள்ளை எழுதிய பக்கம், விடைத்தாள், ஆசிரியரின் பதிவேடு என்று எதுவாகவும் இருக்கலாம். பெற்றோர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஏன் என்றால், மார்க்குக்குச் சொல்லத் தெரியாததை அந்தப் பக்கம் சொல்லிவிடும். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. மதிப்பெண் பூஜ்யம். ஆனால் நோட்டைப் பார்த்தால் விஷயம் புரியும்: 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாது என்பதால், 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும், கடன் வாங்கிக் கழிப்பதுதான் தெரியவில்லை. தீக்குச்சிக் கட்டுகளை வைத்து அந்த ஒரு படியை மட்டும் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் போதும், கணக்கே வராத பிள்ளை என்று முத்திரை குத்த வேண்டியதில்லை.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் இதே அடிப்படையில்தான் நடக்கிறது. முதலில் 1 முதல் 3ஆம் வகுப்புவரை இருந்தது, அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகிய பாடங்களில் பிள்ளையின் அடிப்படைத் திறனைச் சோதித்து, 1 முதல் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் சேர்க்கிறார்கள். 3ஆம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருப்பதாகச் சொன்னால் பதற வேண்டாம். பிள்ளைக்கு எங்கிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதற்கான குறி அது. ஆனால் மாதங்கள் போயும் அதே நிலையிலேயே இருந்தால், என்ன செய்தீர்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

அப்படிக் கேட்பது ஆசிரியரிடம் சலுகை கேட்பது ஆகாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும். பெற்றோரைத் தவறாமல் கூட்டி, வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை புரிந்துகொண்டதையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ச்சியாக மதிப்பிட வேண்டும் என்பது 29ஆம் பிரிவு.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பதிவேடு, செயலி, எமிஸ் (கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளம்) என்று பதியும் வேலை அவர்களுக்குக் கூடிக்கொண்டே போகிறது. பருவக் கடைசியில் ஒரே மூச்சில் 40 மதிப்பெண்ணையும் நிரப்பும் நிலை வந்தால், கட்டங்கள் நிரம்புமே தவிர, பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது. அதனால் பெற்றோர் பருவ முடிவுவரை காத்திருக்காமல் நடுவிலேயே ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. "பயிற்சி நூலைக் காட்டுங்க டீச்சர், எந்த இடத்துல தடுமாறுறான்? வீட்டுல நாங்க என்ன செய்யலாம்?" என்று கேட்டால் போதும். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறானா, ஓட்டமாகப் படிக்கிறானா என்பதை வீட்டில் பாடநூலைக் கையில் கொடுத்தே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, பதில் கிடைக்கவில்லை என்றால்? முதலில் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்பலாம்; அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கும் மேல் போக வேண்டியிருந்தால், 32ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.