நீலமாக இருந்தால் கடலா?

போன வாரம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி, கருத்தாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் பெரிய சார்ட்டில் ஒரு நீல உருண்டை, கீழே 'கடல் சூழ்ந்த கோள், நாசா எடுத்த போட்டோ' என்று ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்து, ஓரத்தில் ஒரு படகு வேறு. இதே படத்தை இன்னும் எத்தனை பள்ளியில்தான் பார்ப்பது! படகு வரைந்த பிள்ளையை ஒன்றும் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்த பெரியவர்களைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கோளின் பெயர் எச்டி 189733 பி. 2005இல் கண்டுபிடித்தார்கள், சுமார் 64 ஒளியாண்டு தூரம், வியாழனைவிடக் கொஞ்சம் பெரிய வாயுக்கோள். தன் நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு 2.2 நாளில் ஒரு சுற்று முடித்துவிடும், அதனால் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. நீராவி உண்டு, கடலுக்கு வழியே இல்லை.

சரி, நீலம் எப்படித் தெரிந்தது? போட்டோ எடுத்து அல்ல. 2013இல் ஹப்பிள் தொலைநோக்கியின் அளவீட்டை வைத்துச் சொன்னார்கள். கோள் நட்சத்திரத்துக்குப் பின்னால் போய் மறையும்போது மொத்த வெளிச்சத்தையும் நிறம் நிறமாகப் பிரித்து அளந்தால், நீலம் மட்டும் துளி குறைகிறது, பச்சையில் குறையக் காணோம். அப்படியென்றால் அந்தத் துளி நீலம் கோளிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கையில் இருப்பது, மிச்சமெல்லாம் ஓவியர் வரைந்தது. வளிமண்டலத்தில் மிதக்கும் சிலிகேட் துகள்கள், அதாவது மணலும் கண்ணாடியும் எதனால் ஆனதோ அந்தச் சங்கதி, நீல ஒளியைச் சிதறடிப்பதாகக் கணிக்கிறார்கள். நம் கடல் நீலமாகத் தெரிவது தண்ணீர் சிவப்பை உறிஞ்சுவதால். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் என்றால் மயில்துத்தத்தையும் குடிக்கலாமே!

அந்தக் கோளில் காற்றின் வேகம் வினாடிக்கு சுமார் 2 கிலோமீட்டர். திருநெல்வேலியில் கிளம்பினால் அரை நிமிடத்துக்குள் தென்காசி. படகை நிறுத்தத் தரையும் கிடையாது, வாயு உள்ளே போகப்போக அடர்ந்துகொண்டே போகும். நம் வியாழனுக்குள் 1995இல் கலிலியோ விண்கலம் ஓர் ஆய்வுக்கலத்தை இறக்கியது, ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

ஆசிரியர்களே, படத்துக்குக் கீழே 'கற்பனை ஓவியம்' என்று இரண்டு வார்த்தை எழுதுங்கள், குறைந்தா போவீர்கள்? இப்போது ஏஐ படங்கள் வேறு வருகின்றன, எங்கிருந்து வந்தது என்று தெரியாத படத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள், பிள்ளை தப்பாக வரைந்தால் கிழிக்காதீர்கள், 'இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?' என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம், வேற்று நட்சத்திரத்தின் கோளைத் தொலைநோக்கியில் காட்டுகிறோம் என்று யாராவது டிக்கெட் போட்டால் காசு கொடுக்காதீர்கள். தெரிவது நட்சத்திரம் மட்டும்தான், நம் நீலக் கோளின் நட்சத்திரத்தைப் பைனாகுலரிலேயே பார்க்கலாம். புரட்டாசி முன்னிரவில் மேகம் விலகியிருந்தால், நம் ஊருக்கு ஏறக்குறைய உச்சியில், டம்பெல் நெபுலா என்ற வாயு மேகத்துக்குப் பக்கத்துப் புள்ளி.