நீண்ட இரவு ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை?

2019 ஏப்ரல் 28-ஆம் தேதி இரவு ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் எட்டாம் பருவத்தின் மூன்றாம் பகுதி அமெரிக்காவில் ஒளிபரப்பானது. 82 நிமிடம் ஓடும் அந்தப் பகுதிக்குப் பெயர் ‘தி லாங் நைட்’, அதாவது நீண்ட இரவு. பகுதி முழுக்க இரவில் நடக்கும் ஒரு கோட்டைப் போர்; அதைப் படம்பிடிக்க 55 இரவுகள் ஆயின. தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ நிறுவனத்தின் எல்லாத் தளங்களையும் சேர்த்து அமெரிக்காவில் மட்டும் அன்றிரவு பார்த்தவர்கள் 1.78 கோடிப் பேர். இந்தியாவில் அப்போது மறுநாள் காலை ஆறரை மணி. பொழுது விடிந்து சன்னல் வழியாக வெயில் வந்துகொண்டிருந்த நேரத்தில் கைப்பேசியில் பார்த்தவர்கள் ஏராளம்.

மறுநாள் முழுக்க யார் பிழைத்தார், யார் செத்தார் என்ற பேச்சுக்கு இணையாக இன்னொரு பேச்சும் ஓடியது: “ஒன்றுமே தெரியவில்லையே!” ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் இதற்குப் பதில் சொன்னார். இருட்டு வேண்டுமென்றே வைக்கப்பட்டது, குறை ஒளிபரப்பின் சுருக்கத்திலும் வீட்டுத் தொலைக்காட்சியின் அமைப்பிலும் இருக்கிறது என்பது அவர் வாதம். இரண்டு தரப்பும் சொன்னது உண்மைதான். எப்படி என்று புரிய, அந்தப் பகுதியின் தொடக்கத்தில் வரும் ஒரு காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தொத்ராக்கிக் குதிரைப்படை கோட்டைக்கு வெளியே அணிவகுத்து நிற்கிறது. மந்திரக்காரி மெலிசாண்ட்ரே ஒரு வீரனின் வளைவாளைத் தொட்டு மந்திரம் சொல்ல, வரிசை வரிசையாக எல்லா வாள்களும் தீப்பிடிக்கின்றன. படை இருளுக்குள் பாய்கிறது. மதிலிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் தூரத்தில் ஓடும் தீப்பொட்டுகள்தான். சற்று நேரத்தில் அவை கொத்துக் கொத்தாக அணைகின்றன. கடைசிப் பொட்டும் அணைந்ததும் திரை முழுக்க இருட்டு. அந்தக் காட்சியை மலிவான தொலைக்காட்சியிலும் சின்னக் கைப்பேசியிலும்கூடப் பார்த்து நெஞ்சு பதறியவர்கள் உண்டு.

அதே பகுதியில் பின்னால் பனிப்புயல் கோட்டையைச் சூழ்கிறது. டிராகன்கள் மேகத்துக்குள் ஒன்றையொன்று தேடுகின்றன. மதிலடியில் சாம்பல் நிற உடல்கள் சாம்பல் நிற மூட்டத்துக்குள் மோதுகின்றன. புகார்கள் குவிந்தது இங்கேதான். முதற்காட்சி இதைவிட இருட்டு, ஆனாலும் தெரிந்தது. ஏனென்றால் அது இருட்டை மட்டும் காட்டியது. பின்னது இருட்டுக்குள் இருப்பதைக் காட்ட முயன்றது. இந்த இரண்டுக்கும் தேவைப்படும் தொழில்நுட்பம் ஒன்றல்ல.

திரையின் ஒளியை அளக்கும் அலகு நிட். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியளவு ஒளி வந்தால் அது ஏறக்குறைய ஒரு நிட். படத்துக்கு நிறமும் ஒளியும் திருத்தும் அறையில், வழக்கமான வீடியோவுக்கு வெள்ளையின் அளவு 100 நிட். அறை மங்கலாக இருக்கும். கறுப்பு உண்மையாகவே கறுப்பாகத் தெரியும் விலை உயர்ந்த திரை இருக்கும். அதன் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவரின் கண் இருட்டுக்குப் பழகிப்போயிருக்கும். விளக்கை அணைத்த பிறகு கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கிறது. அந்த அறையில் 0.3 நிட் ஒளியுள்ள ஒரு முகத்தின் சுருக்கம்கூடத் தெரியும்.

இனி அந்த ஒளியை எண்ணாக மாற்ற வேண்டும். வீட்டுக்கு வரும் சாதாரண 8 பிட் வீடியோவில், அதாவது ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் 0 முதல் 255 வரையான ஓர் எண்ணால் குறிக்கும் வீடியோவில், கறுப்புக்கு எண் 16, வெள்ளைக்கு எண் 235. நடுவில் 219 படிகள். இந்தப் படிகள் ஒளியைச் சமமாகப் பங்கிடுவதில்லை. எண்ணுக்கும் ஒளிக்கும் நடுவே காமா என்ற வளைவு இருக்கிறது. அதன் மதிப்பு 2.4. ஏணியில் பத்தில் ஒரு பங்கு ஏறினால் கிடைக்கும் ஒளி, முழு ஒளியில் 0.4 சதவீதம்தான். ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் 2 சதவீதம். அதாவது 2 நிட்டுக்குக் கீழே நடக்கும் ஒரு போர் முழுவதும் 16-க்கும் 60-க்கும் இடைப்பட்ட 44 எண்களுக்குள் அடங்கியாக வேண்டும்.

44 போதாதா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் தெரியும். பகல் காட்சியில் 200 என்ற எண்ணிலிருந்து 201-க்குப் போனால் ஒளி 1.3 சதவீதம் கூடும். கண்ணுக்கு அது தெரியாது. இரவுக் காட்சியில் 30-லிருந்து 31-க்குப் போனால் ஒளி 18 சதவீதம் கூடுகிறது. மங்கலில் கண்ணின் கூர்மை குறையும் என்றாலும், 18 சதவீதப் படி கோடு போட்டதுபோலத் தெரிந்துவிடும். நிலா வெளிச்சத்தில் ஒரு மேகம் திரையின் இடக்கோடியில் 20 என்ற எண்ணில் தொடங்கி வலக்கோடியில் 50-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 1920 புள்ளி அகலத்தில் 30 படிகள்தான். ஒவ்வொரு படியும் 64 புள்ளி அகலத்தில் ஒரு பட்டையாக நிற்கும். மேகம் இருக்க வேண்டிய இடத்தில் வரைபடத்துச் சமவுயரக் கோடுகள்போல வளையங்கள் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

கேமராவில் இயல்பாக வரும் மெல்லிய இரைச்சல், அந்தப் பொடிப்பொடியான புள்ளித்துகள், இந்தப் பட்டைகளை மறைக்கக்கூடியது. படிகளின் விளிம்பைக் கலைத்துவிடுவதால் கண் ஏமாந்து வழுவழுப்பாகப் பார்க்கும். ஆனால் அடுத்த கட்டத்தில் முதலில் பலியாவது இந்த இரைச்சல்தான்.

அடுத்த கட்டம் சுருக்கம். 1920-க்கு 1080 அளவில், வினாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும் வீடியோவை அப்படியே அனுப்பினால், நிறத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்த பிறகும், வினாடிக்குச் சுமார் 600 மெகாபிட் வேண்டும். வீட்டு இணையத்தில் 5 மெகாபிட் வருகிறது என்றால் 120-இல் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும். எச்.264 போன்ற குறிமுறைகள் இதற்கு இரண்டு உத்திகளை நம்பியிருக்கின்றன.

ஒன்று, முந்தைய சட்டத்தில் இருந்ததை மறுபடி அனுப்பாமல் ‘இந்தத் துண்டு அங்கிருந்து இங்கே நகர்ந்தது’ என்று மட்டும் சொல்வது. ஓடும் கார், நடக்கும் ஆள் என்றால் இது அருமையாக வேலை செய்யும். பனிப்புயலில் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசையில் போகிறது. தீ நடுங்குகிறது, புகை உருவம் மாறிக்கொண்டே இருக்கிறது. எந்தத் துண்டுக்கும் முந்தைய சட்டத்தில் ஜோடி இல்லை. கையிருப்பு பிட்டெல்லாம் பனியைத் துரத்தவே செலவாகிவிடும்.

இரண்டாவது உத்தி இன்னும் கொடுமையானது. படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அலையின் உயரத்தையும் ஒரு படியளவால் வகுத்து முழு எண்ணாக்குவது. இருட்டில் இருக்கும் ஒரு கன்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்துக்குள் எண்கள் 22, 23, 24 என்று ஓரிரண்டு மட்டும் மாறும். அலையின் உயரம் 6 அல்லது 7 வரும். படியளவு 16 என்றால் 6-ஐ 16-ஆல் வகுத்து முழுமையாக்கக் கிடைப்பது பூச்சியம். கன்னத்தின் குழிவு, தாடி, இரத்தக்கறை எல்லாம் அந்தப் பூச்சியத்துக்குள் போய்விடும். மிஞ்சுவது 23 என்ற ஒரே எண் பூசிய சதுரம். பகலில் அதே கன்னம் 40, 50 எண் வித்தியாசத்தோடு இருக்கும். அதே படியளவைத் தாங்கி நிற்கும்.

தொத்ராக்கித் தீப்பொட்டு ஏன் பிழைத்தது என்பதும் இங்கே விளங்கிவிடும். கறுப்பு 16-இல், தீ 200-க்கு மேலே. அந்த அலை மிக உயரமானது. எந்தப் படியளவாலும் அதைப் பூச்சியமாக்க முடியாது. சுற்றியிருக்கும் கறுப்பில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

தட்டையான இருண்ட பகுதிகளுக்குக் கூடுதல் பிட் ஒதுக்கும் வசதி நல்ல குறிமுறைக் கருவிகளில் உண்டு. ஆனால் ஒதுக்க முதலில் பிட் இருக்க வேண்டும். பனி அதைத் தின்றுவிட்டது. போதாக்குறைக்கு, மாற்றம் சிறியதாக இருந்தால் ‘முன்பிருந்ததையே வைத்துக்கொள்’ என்று அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடும். சில வினாடிக்கு ஒருமுறை முழுச் சட்டம் வரும்போது எல்லாக் கட்டங்களும் சட்டென்று மாறும். இருட்டான சுவர் மூச்சுவிடுவதுபோலத் துடிப்பது இதனால்தான்.

இத்தனைக்கும் தப்பி வந்த ஒளி வீட்டு அறையில் என்ன ஆகிறது? 100 லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியின் அலகு) வெளிச்சமுள்ள கூடத்தில், தன் மேல் விழும் ஒளியில் 1 சதவீதத்தைச் சிதறடிக்கும் திரை 0.3 நிட் அளவுக்குத் தானாகவே மின்னும். திருத்தும் அறையில் பார்த்த அந்த முகத்தின் ஒளியும் அதே 0.3 நிட்தான். எல்சிடி திரையில் இன்னொரு தொல்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் 1000-க்கு 1 வேறுபாடுள்ள பலகை, வெள்ளையை 300 நிட்டில் காட்டினால் கறுப்பையே 0.3 நிட்டில்தான் காட்ட முடியும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் கறுப்பு பூச்சியம். ஆனால் அதில் படத்தோடு சதுரக் கட்டங்களும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் வீட்டில் செய்யக்கூடியது நிறையவே இருக்கிறது. முதலில் பட முறையை ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று மாற்றுங்கள். ‘விவிட்’ முறை வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுவதற்காகக் கருநிழலை அடைத்துவிடும். அடுத்து மின்சேமிப்பு, சூழல் ஒளி உணரி இரண்டையும் அணையுங்கள். அறை இருண்டதும் அவையும் பின்னொளியைக் குறைத்துவிடும்.

அதிகம் பேர் தவறவிடும் இடம், பெட்டியைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வழியின் கறுப்பு அளவு. செட்-டாப் பெட்டி 0 முதல் 255 வரை அனுப்ப, தொலைக்காட்சி 16-ஐக் கறுப்பு என்று எடுத்துக்கொண்டால், 16-க்குக் கீழே வந்த நிழல் எல்லாம் அட்டைக் கறுப்பாகிவிடும். மாறாக, பெட்டி 16-இல் தொடங்கித் தொலைக்காட்சி 0-வை எதிர்பார்த்தால் படம் சாம்பல் பூசியதுபோல வெளுக்கும். இரண்டு கருவியிலும் ‘லிமிடெட்’ என்றே வையுங்கள். அதன்பின், கறுப்பை விடச் சற்றுக் கீழும் மேலுமாகக் கோடுகள் உள்ள சோதனைப் படத்தைப் போட்டு ‘பிரைட்னஸ்’ அளவைத் திருத்துங்கள். கறுப்புக்குக் கீழுள்ள கோடு மறைய வேண்டும், 2 சதவீதம் மேலுள்ள கோடு தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். பல தொலைக்காட்சிகளில் ‘பிரைட்னஸ்’ என்பது கறுப்பு அளவையும், ‘பேக்லைட்’ என்பது ஒளியையும் குறிக்கும். சிலவற்றில் பெயர் மாறியிருக்கும், நகர்த்திப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

எதிரேயுள்ள விளக்கை அணைத்துவிட்டு, தொலைக்காட்சிக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு மங்கலான வெள்ளை விளக்கு வையுங்கள். திரைமேல் ஒளி விழாது, கண்ணும் களைக்காது. கைப்பேசி செயலியில் தரவுச் சிக்கனத்தை (டேட்டா சேவர்) அணைத்து, உயர் தரத்தில் பதிவிறக்கிப் பார்த்தால் படியளவு குறையும்.

சுருக்கும்போதே பூச்சியமான கன்னத்தை இதில் எதுவும் மீட்டுத் தராது. ஒளியைக் கூட்டினால் 23 என்ற சதுரம்தான் பெரிதாகத் தெரியும். பார்வையாளர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது அங்கேதான். திருத்தும் அறையின் திரையில் சரிபார்த்தது போதாது, 5 மெகாபிட்டாகச் சுருங்கியதை ஒரு சாதாரண எல்சிடியில், விளக்கு எரியும் கூடத்தில் ஓடவிட்டும் பார்த்திருக்க வேண்டும். பிறகு அதே பகுதி 4கே வட்டாக வந்தது. அத்தகைய வட்டில் 10 பிட், அதாவது ஒவ்வொரு பழைய படிக்கும் நான்கு புதிய படிகள். 30-க்கும் 31-க்கும் நடுவே இருந்த 18 சதவீதத் தாவல் அதே வளைவில் சுமார் 4 சதவீதமாகக் குறைகிறது. இணையத்தைவிடப் பல மடங்கு பிட் வீதமும் இருப்பதால் பனியையும் கன்னத்தையும் ஒரே நேரத்தில் அனுப்ப முடிகிறது. விளக்கை அணைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அந்த வட்டைப் போட்டால், டிராகன் நுழையும் மேகத்துக்கு விளிம்பு இருப்பது தெரியும்.