நம்பகத்தன்மை ஒப்பந்தமாம்!

ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்காரர் ஒருவர், கம்பெனி தந்த பத்திரத்தை நீட்டி, "தையல் பிரிஞ்சா நான்தான் பொறுப்புன்னு எழுதியிருக்காங்களா சார்?" என்று கேட்டார். தலைப்பில் 'நம்பகத்தன்மை ஒப்பந்தம்' என்று இருந்தது. அவர் சந்தேகம் நியாயமானது. நம்பகமான வண்டி, நம்பகமான செய்தி என்றுதானே சொல்கிறோம்? உள்ளே இருந்ததோ வேறு சங்கதி: சாம்பிள், பேட்டர்ன், ஜோடிக்கு என்ன விலை, வெளிநாட்டு பையர் யார் என்பதையெல்லாம் வெளியே விடக் கூடாது என்பது. என்டிஏ (நான் டிஸ்க்ளோஷர் அக்ரிமென்ட்) என்று எல்லாரும் சொல்வது.

ஆங்கிலத்தில் இது கான்ஃபிடென்ஷியாலிட்டி. லத்தீனில் 'ஃபிடெரே' என்றால் நம்புதல். நம்பிச் சொன்னது, ஆகவே வெளியே போகக் கூடாதது என்று பொருள் நகர்ந்தது. சரி, நகர்ந்தது ஆங்கிலத்தில். தமிழில் 'நம்பகம்' அப்படி நகரவே இல்லையே!

கூத்து தலைப்போடு நிற்பதில்லை. 'நம்பகமான தகவல்களை வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்' என்று ஒரு ஷரத்து. அப்படியானால் நம்பகமில்லாத தகவலை வைத்துக்கொள்ளலாமா? 'நம்பகத்தன்மையை மீறினால் இழப்பீடு' என்று இன்னொன்று. நம்பகத்தன்மையை இழக்கலாம், கெடுத்துக்கொள்ளலாம். எப்படி மீறுவது? இயந்திரம் மொழிபெயர்த்ததை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால்கூட உறுத்தியிருக்கும். படிப்பதில்லை. முத்திரைத்தாளில் அச்சடித்து, 'கையெழுத்துப் போடுங்கண்ணா' என்று நீட்டிவிடுகிறார்கள்.

'வெளிப்படுத்தாமை ஒப்பந்தம்' இதைவிடத் தேவலை. ஆனால் பாதிதான் சொல்கிறது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் ஃபினிஷிங் ரெசிபியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த பிக்மென்ட் எவ்வளவு, பைண்டர் எவ்வளவு, எத்தனை கோட் ஸ்ப்ரே, பிளேட் சூடு எத்தனை டிகிரி. அதைத் தெரிந்துகொண்டவர் யாரிடமும் மூச்சு விடாமல் தானே ஒரு ஷெட் போட்டு அதே தோலை இறக்கினால்? அவர் எதையும் வெளிப்படுத்தவில்லை, பயன்படுத்திக்கொண்டார். ஒழுங்காக எழுதிய ஒப்பந்தம் இரண்டையும் தடுக்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவதை மட்டும் எவரும் இப்படிக் கட்டிப்போட முடியாது. ஊருக்கே தெரிந்தது இரகசியம் ஆகாது.

தனித்தமிழ் அன்பர்கள் 'மறைகாப்பு' என்பார்கள். 'கேட்ட மறை' என்று குறளே (1076) இரகசியத்தைத்தான் சொல்கிறது. ஆனால் வேலூர் மறைமாவட்டம் இருக்கிற ஊரில் 'மறைகாப்பு ஒப்பந்தம்' என்றால் ஆயர் இல்லத்துக் காகிதம் என்றே நினைப்பார்கள். 'கமுக்கம்' நல்ல சொல், பேச்சிலும் உண்டு. ஆனால் கமுக்கமான ஆள் என்றால் கொஞ்சம் உள்குத்து உள்ளவர் என்றல்லவா நினைக்கிறோம்! 'இரகசிய ஒப்பந்தம்' என்று சுருக்கினாலோ ஒப்பந்தமே இரகசியம் என்றாகிவிடும்.

என் ஓட்டு 'இரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்கே'. அமைச்சர்கள் பதவியேற்கும்போது எடுக்கும் இரகசியக் காப்பு உறுதிமொழியைக் கேட்டுப் பழகிய காது நம்முடையது. இரகசியம் வடசொல்தான், 'ரஹஸ்' என்றால் தனிமை. இருந்துவிட்டுப் போகட்டும். இதில் கனமான சொல் 'காப்பு'. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் எனும் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை, 39ஆம் பிரிவில், தகவல் பொதுவில் தெரியாததாகவும் அதனாலேயே வணிக மதிப்பு உள்ளதாகவும் இருந்தால் போதாது, அதைக் காக்க நியாயமான முயற்சியும் எடுத்திருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் வணிக இரகசியத்துக்குத் தனிச் சட்டம் இல்லாததால் இந்தக் காகிதத்தை நம்பித்தான் பாதி வழக்கு நிற்கிறது.

அப்புறம் இன்னொன்று. இதே தலைப்பின் கீழ், வேலையை விட்டபின் இரண்டு வருடம் வேறு கம்பெனிக்குப் போகக் கூடாது என்றும் சிலர் செருகுகிறார்கள். அது இரகசியக் காப்பு அல்ல, தொழில் தடை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி அப்படிப்பட்ட தடை செல்லாது. எந்தத் தமிழில் எழுதினாலும் செல்லாது.