மூட்டை தூக்க மட்டுமா பிள்ளைகள்?

கூட்டுறவுக் கடைகளின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். மும்பையில் தாராவி, மாட்டுங்கா பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் நிர்வாகக் குழுவில் ஒரே புலம்பல்: "இந்தக் காலத்துப் பிள்ளைங்க கடைப் பக்கமே வர மாட்டேங்குறாங்க சார்."

உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினாலே காரணம் தெரிந்துவிடும். பங்கு அப்பா பெயரில் இருக்கும். அவர் திருநெல்வேலிக்கே திரும்பிப் போய் வருஷக்கணக்காகியிருக்கும். இங்கேயே இருக்கும் மகன், மகள் பெயரில் ஒன்றும் இருக்காது. மூட்டை இறக்க, வாட்ஸப்பில் ஆர்டர் எடுக்க அவர்கள் வேண்டும். எந்த அரிசியை என்ன விலைக்கு எடுப்பது என்று பேச்சு வந்தால் மட்டும், "நீ போய் டீ சொல்லிட்டு வாப்பா."

மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1960 இவர்களைத் தடுக்கவில்லை. 18 வயது நிரம்பியவர் பங்கு வாங்கி உறுப்பினராகலாம். எத்தனை பங்கு இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். 32ஆவது பிரிவின்படி தணிக்கையான வரவு செலவு அறிக்கையையும் கூட்டத் தீர்மானங்களையும் காசு கொடுக்காமலே பார்க்கலாம்.

உறுப்பினரானதும் கணக்கைக் கேள்வி கேட்ட ஒரு பெண்ணைப் பார்த்தேன். பி.காம் படிக்கும் புது உறுப்பினர். கல்லாவில் ஒட்டியிருந்த க்யூ.ஆர் ஸ்டிக்கரில் ஸ்கேன் செய்தால் செயலாளரின் பெயர் வந்தது. "அண்ணாச்சி, காசு சங்கத்துக் கணக்குக்கு வரலையே, உங்க கணக்குக்குல்ல போகுது?" அண்ணாச்சி கை சுத்தமானவர்தான், வாரக் கடைசியில் மொத்தமாகக் கட்டிவிடுவார். ஆனால் அன்றாட விற்பனை ரொக்கப் புத்தகத்தில் அன்றன்று ஏறாது. தணிக்கைக் குறிப்பில் நான் எழுதியிருந்ததைக் குழுவில் ஒருவரும் படிக்கவில்லை. அவள் கேட்ட பிறகு சங்கத்தின் பெயரில் புது ஸ்டிக்கர் வந்தது.

எனவே குழுக்களுக்கு நான் சொல்வது: கடையில் ஒரு ராக்கை முழுசாக இளைய உறுப்பினர்களிடம் விடுங்கள். பிஸ்கட், மசாலா, மாவு, எதுவாகவும் இருக்கட்டும். கொள்முதல், விலை, காலாவதிச் சரக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எவ்வளவு பணம், நஷ்டம் எதுவரை தாங்கலாம் என்பதை முதலிலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள். நஷ்டம் வந்தால் அந்த வரம்புக்குள் கழித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வைத்துத் திட்டாதீர்கள். இருப்புப் பதிவேட்டிலும் கொள்முதல் பில்லிலும் அவர்கள் கையெழுத்து இருக்கட்டும். செக்கில் கையெழுத்து இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு கடையில் இப்படி விட்டதும் பிள்ளைகள் முதலில் கை வைத்தது கடை நேரத்தில்தான். வேலைக்குப் போகிறவர்கள் லோக்கல் ரயிலில் வந்து இறங்குவதே எட்டு மணிக்கு. கடை அடைப்பதும் எட்டு மணிக்கு! பத்து வரை திறந்து, இட்லி மாவு வைத்தார்கள். குழுவில் யாருக்கும் அது தோன்றியதில்லை. தோன்றாது, அவர்கள் வீட்டில் மாவு அரைக்க ஆள் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளைக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், செப்டம்பர் 30க்குள் பொதுக்குழு கூட்டியாக வேண்டுமே, அதன் நிகழ்ச்சி நிரலில் இந்த ராக்கின் கணக்கைத் தனிப் பொருளாக வையுங்கள். செயலாளர் வாசிக்க வேண்டாம். நடத்தியவர்களே வாசிக்கட்டும், கேள்வி வந்தால் அவர்களே பதில் சொல்லட்டும்.