எட்டாம் மாதத்தில் தெரிந்த கறுப்புப் பொட்டு

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணி ஸ்கேனுக்கு வந்திருந்தார். எட்டாம் மாதம். ஐந்தாம் மாத ஸ்கேனில் 'நார்மல்' என்று இருந்தது. எடுத்தவர் எதையும் கோட்டை விட்டுவிடவில்லை. இப்போது குழந்தையின் தலைக்கு நடுவே, சற்றுப் பின்னால், ஒரு கறுப்புப் பொட்டு. பார்த்ததும் நீர்க்கட்டி என்றுதான் தோன்றும். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் பொத்தானை அழுத்தினேன். கறுப்புக்குள் சிவப்பும் நீலமும் சுழித்துக்கொண்டு ஓடின. நீர்க்கட்டிக்குள் ரத்தம் ஓடாது. இது மூளையின் நடுவே உள்ள பெரிய சிரையில் வரும் 'வீன் ஆஃப் கேலன்' ரத்தக்குழாய்க் கோளாறு.

ஏரித் தண்ணீர் மதகு வழியாக வாய்க்காலில் இறங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம்தான் ஓடைக்குப் போகவேண்டும். கரை உடைந்து மொத்தமும் ஓடையில் விழுந்தால் வயல் காயும், ஓடை பெருகும். இங்கேயும் அதுதான். நுண்குழாய்களுக்குள் போகவேண்டிய ரத்தம் தமனியிலிருந்து நேராகச் சிரையில் கொட்டுகிறது. சிரை உப்புகிறது, இதயம் இறைத்து இறைத்துக் களைக்கிறது.

கோளாறு உருவாவது 6 முதல் 11 வாரத்துக்குள். ஸ்கேனில் தெரிவதோ பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்! அதனால் ஐந்தாம் மாத ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள், டாக்டர் சொல்லும் வளர்ச்சி ஸ்கேனுக்கும் வாருங்கள். சக மருத்துவர்களுக்கும் ஒன்று: தலையில் கறுப்பாக எது தெரிந்தாலும் கலர் போட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலை.

"கிரகணத்தன்னிக்கு வெளியே போனா, அதனாலயா?" என்று மாமியார் கேட்டார். இல்லைம்மா. அவர் சாப்பிட்டதாலோ நடந்ததாலோ வந்ததும் இல்லை. அடுத்த பிள்ளைக்கும் பெரும்பாலும் வராது.

"பிழைக்குமா?" என்றார் கணவர். அதற்கு இதயத்தையும் மூளையையும் பார்க்கவேண்டும். வயிற்றுக்குள்ளேயே இதயம் வீங்கி உடம்பில் நீர் கோத்திருந்தாலோ, எம்.ஆர்.ஐ.யில் மூளை சேதம் தெரிந்தாலோ நிலைமை கடினம். 24 வாரம் தாண்டிவிட்டதால், கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற கேள்வி எழுந்தால், கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி மருத்துவ வாரியம்தான் முடிவு சொல்லும். இதயம், மூளை இரண்டும் நன்றாக இருந்தால் நம்பிக்கை உண்டு. குழந்தை தாக்குப்பிடித்தால் 4 முதல் 6 மாத வயதில், தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி, கசியும் வழிகளைப் பசையால் அடைக்கிறார்கள். அப்படிச் சிகிச்சை பெற்று இயல்பாக வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2023-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் 34 வாரக் கருவுக்கு வயிற்றுக்குள்ளேயே இதைச் செய்தார்கள். அது இன்னும் ஆய்வு நிலைதான்.

வீட்டில் பிரசவத்தை ஊரிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். அங்கேதான் நான் பிடிவாதமாக நின்றேன். வயிற்றில் இருக்கும்வரை நஞ்சுக்கொடியும் ரத்தத்தை எளிதாக வாங்கிக்கொள்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வழி மூடி, இன்னும் அதிக ரத்தம் தலைக்குள் பாய்கிறது. உள்ளே நன்றாக இருந்த குழந்தைக்கு வெளியே வந்த சில மணி நேரத்தில் இதயம் திணறலாம். அந்த நிலையில் பச்சைக் குழந்தையை ஆம்புலன்ஸில் தொப்பூர் கணவாய் வழியாக சேலத்துக்குக் கொண்டுபோவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயை அனுப்புவது எவ்வளவோ பாதுகாப்பு. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சையும், மூளை ரத்தக்குழாய் அடைக்கும் நிபுணரும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். ரிப்போர்ட்டின் மேலே சிவப்பு மையில் அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கணவர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, சரிங்க என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.