குதிரைத் தீனியின் கணக்கு

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போனால் கொள்ளு வாங்காமல் திரும்ப மாட்டேன். ரசத்துக்கு ஒரு பிடி போதும். ஒரு கிலோ மாதக்கணக்கில் வரும். குதிரைக்கோ, தானியமும் காய்ந்த புல்லுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ தீனி வேண்டும். ஒரு பெரும் படையின் எல்லையையே வகுத்த கணக்கு இது.

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் ராணுவம் என்றதும் டாங்கிகள்தாம் கண்முன் வருகின்றன. ஆனால் அதன் பெரும்பகுதி காலாட்படை. பீரங்கிகளையும் ரொட்டியையும் அதற்காக இழுத்தவை குதிரைகள். ஒரு காலாட்படை டிவிஷனில், அதாவது பெரிய படைப்பிரிவில், சுமார் 5,000 குதிரைகள் இருந்தன. 1941 ஜூனில் சோவியத் யூனியனுக்குள் அந்த ராணுவம் நுழைந்தபோது 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் உடன் சென்றன. எல்லாருக்கும் போதுமான லாரியும் பெட்ரோலும் ஜெர்மனியிடம் இல்லை.

ஒரு டிவிஷனின் குதிரைகளுக்கு மட்டும் தினம் 50 டன் தீனி. அதை யார் சுமப்பது? குதிரைகள்தாம். இரண்டு குதிரைகள் பூட்டிய வண்டியில் ஒரு டன் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 25 கிலோமீட்டர் நடந்தால், ரயில் நிற்கும் இடத்திலிருந்து 250 கிலோமீட்டர் போகப் பத்து நாள், திரும்பப் பத்து நாள். வழியில் மேய்ச்சல் கிடைக்காவிட்டால், இழுக்கும் குதிரைகளே 400 கிலோவைத் தின்றுவிடும். லாரி நின்றால் பெட்ரோல் குடிக்காது. குதிரை நின்றாலும் தின்னும்.

நேரம் மிச்சப்படுத்த ஒரே வேளையில் நிறையத் தீனி வைக்கவும் முடியாது. அதன் இரைப்பை உடம்புக்குச் சிறியது. புல்லைச் செரிக்கும் வேலை பெருங்குடலில், நுண்ணுயிரிகளால் மெல்ல நடக்கிறது. தானியம் அளவு மீறினால் கடும் வயிற்றுவலி வரும்; குதிரையால் வாந்தி எடுக்கவும் இயலாது. அந்த வலியிலேயே அது செத்துப்போகலாம்.

அடுத்தது சேறு. 500 கிலோ எடையுள்ள குதிரை நாள் முழுக்கத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையோடு, அதாவது 50 கிலோ அளவுக்கு, இழுக்கும். கெட்டியான சாலையில் அந்த விசை வண்டியோடு சேர்த்து ஒன்றரை டன்னை நகர்த்தும். சக்கரம் புதையும் சேற்றில் கால் டன்னே பெரும்பாடு. ரஷ்யாவின் இலையுதிர்கால மழையில் நடந்தது இதுதான். மேற்கு ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோன கனத்த இனக் குதிரைகள், அதிகம் தின்று பழகியவை, பசியிலும் குளிரிலும் விழுந்தன. அந்த மண்ணின் சிறிய பான்யே குதிரைகள் குறைந்த தீனியில் தாக்குப்பிடித்தன. வாயில்லா ஜீவன்கள், எந்தப் போரையும் அவை கேட்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று மலாயாவின் வடகிழக்குக் கரையில் இறங்கிய ஜப்பானியர்கள் லாரிகளோடு சைக்கிள்களையும் நம்பினார்கள். டயர் வெடித்தால் வெறும் வளையத்திலேயே ஓட்டினார்கள். 55 நாட்களில் ஜொகூர் பாருவை எட்டிவிட்டார்கள். சைக்கிளுக்குப் பின்னால் தீனி வண்டி எதுவும் வர வேண்டியிருக்கவில்லை.